நீல நிலாவுக்குத் தேதி கேட்ட அக்கா

ஒரே வாசப்படியில் நான்கு வருடம் இடறியவன் நான். புது இடம், இருட்டு, மழைத் தண்ணீர் என்று எந்தச் சாக்கும் சொல்ல வழியில்லை. பட்டப்பகலில், கண்ணெதிரே, ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் பழைய தேக்குக் கட்டை அது. காலையில் உள்ளே வரும்போது ஒரு தடவை இடறுவேன், டீக்கு வெளியே போகும்போது இன்னொரு தடவை. காரணம் எளியது. அதைத் தாண்டும்போதெல்லாம் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பேன். என் வாய் ஓடுகிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது. பள்ளிக்கூடங்களில் வகுப்பு தொடங்க மணி அடிப்பார்கள். என் மாணவர்களுக்கு நான் விழுகிற சத்தமே மணி.

மாணவர்கள் என்று சொன்னதும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வீட்டின் முன்ஹாலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். லாட்ஜ் ரிசப்ஷனில் நிற்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கஃபேயில் ஆர்டர் எடுக்கிறவர்கள் வந்து படித்தார்கள். மூன்றாவது மாதம் என்னைவிட நன்றாகப் பேசிவிட்டு, நன்றி சொல்லி, போய்விடுவார்கள்.

வீடு அக்காவுடையது. மாடி அறைகளில் வெளிநாட்டுக்காரர்கள், பின்கட்டில் அக்கா. கணவர் காலமாகி வெகுகாலம். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். எழுதினால், "என்னைக் கேட்டியா?" என்று நான் இப்போது இருக்கிற வேலூருக்கே பஸ் ஏறி வந்துவிடுவார். இது பேச்சுக்குச் சொல்வதில்லை. வருவார்.

நான் விழும்போது அக்கா ஒருநாளும் ஐயோ என்றதில்லை. அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வரும். "அது இருக்கற எடத்துலதான் இருக்கும். நீ காலைத் தூக்கு." கட்டையைக் கொஞ்சம் இழைத்துத் தாழ்த்தலாமே என்று ஒருமுறை யோசனை சொன்னேன். அது மாமனார் கட்டிய வீட்டின் நிலைக்கட்டை என்றும், வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குங்குமம் வாங்குகிற கட்டை என்றும், என் கால் அப்படி எதையும் வாங்கியதில்லை என்றும் பதில் வந்தது.

அக்காவின் சுபாவத்தை ஒரு வரியில் சொல்வதானால், அவரிடம் எதையும் பேச்சுக்காகச் சொல்ல முடியாது. நாமெல்லாம் வாய்க்கு வந்ததைக் காற்றில் விட்டுவிட்டுப் போகிறவர்கள். அவர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, சொன்ன நேரத்தில் கொண்டுவந்து நீட்டுவார்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் ஒருநாள், "நாளைக்குக் காலையில முதல் வேலை உங்க வீட்டு வேலைதாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஊரில் எல்லா எலக்ட்ரீஷியனும் எல்லா வீட்டிலும் சொல்வது. மறுநாள் விடிந்தும் விடியாமலும் அக்கா அவன் வீட்டு வாசலில் நின்றார். வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தான். "முதல் வேலைன்னு சொன்னியேப்பா. பல்லு அப்புறம் தேய்ச்சுக்கலாம், வா." நுரையோடு வந்தான். மாடி ஃபேனை மாட்டிவிட்டுத்தான் வாய் கொப்பளித்தான்.

மாடியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் அக்கா சுட்ட தோசையைத் தின்றுவிட்டு, இந்தத் தோசைக்காக உயிரையே விடலாம் என்று இங்கிலீஷில் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமையாக மொழிபெயர்த்தேன். மறுநாளிலிருந்து அவருக்குத் தோசை நின்றுபோனது, இட்லி மட்டும். மனிதர் வாடிப்போய் என்னிடம் கேட்டார். நான் அக்காவிடம் கேட்டேன். "உயிரை விடறேன்னு சொல்றவனுக்கு நான் எதுக்குச் சுடணும்? நம்ம வீட்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ்ல உன்னையா கேப்பாங்க?"

எனக்கும் நடந்தது. முன்ஹாலை வகுப்புக்கு விட அவர் சம்மதித்த அன்று, நன்றி தலைக்கேறி, "அக்கா, இதுக்காக உங்களுக்கு மலையையே சுத்தி வருவேன்" என்றேன். "வர்ற பௌர்ணமி வியாழக்கிழமை" என்றார். பதினாலு கிலோமீட்டர், வெறுங்காலில், லட்சம் பேர் நடுவில் சுற்றினேன். முதல் கொப்புளம் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் வந்துவிட்டது. உருண்டு வருகிறேன் என்று சொல்லாமல் விட்டதுதான் என் ஜாதகத்தில் இருந்த ஒரே நல்ல நேரம்.

இதில் ஒரு நியாயம் உண்டு. சொன்ன சொல்லின் கட்டு அவருக்கும்தான். பக்கத்து மளிகைக் கடைக்காரரோடு ஏதோ சொத்தைக் கத்திரிக்காய்ச் சண்டையில், "இனிமே உன் கடைக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கொத்தமல்லிக்குக்கூடப் பெரிய மார்க்கெட் வரை நடந்தார். கடைசியில் கடைக்காரரே இறங்கி வந்து, காய்கறித் தட்டுகளை ரோட்டோரம் எடுத்து வைத்தார். அக்கா ரோட்டில் நின்றபடியே பொறுக்கி வாங்கினார். "கடைக்குள்ள போகலையே" என்றார் என்னிடம், நான் கேட்காமலே.

என் வகுப்பு வாசலில் சின்னக் கரும்பலகை ஒன்று மாட்டியிருந்தேன். தினம் ஓர் இங்கிலீஷ் சொல்வழக்கு எழுதி, கீழே தமிழில் அர்த்தம் போடுவேன். வியாபார தந்திரம்தான். ஆனால் அதற்கு முதல் வாசகி அக்காவாகப் போய்விட்டார். கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து பலகையைப் பார்ப்பார். அர்த்தம் அவருக்கு முக்கியமே இல்லை. "இதை முதல்ல யாரு சொன்னது? எதுக்குச் சொன்னாங்க?" என்பார். அவருக்கு ஒரு நம்பிக்கை. எந்தப் பேச்சும் முதலில் சும்மா பிறந்திருக்காது, யாரோ ஒருவர் எப்போதோ நிஜமாகச் செய்ததைத்தான் பின்னால் வந்தவர்கள் சும்மா சொல்லித் திரிகிறார்கள்.

'பைட் தி புல்லட்' என்று ஒருநாள் எழுதினேன். கஷ்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது. மயக்க மருந்து இல்லாத காலத்தில், அடிபட்ட சிப்பாயின் பல்லுக்கு நடுவில் ஒரு தோட்டாவைக் கொடுத்துவிட்டுத்தான் காலை அறுப்பார்களாம் என்று சொன்னேன். அக்கா தன் தாடையைத் தடவிக்கொண்டார். "எந்தப் பெத்தவ புள்ளையோ" என்றார். அன்று முழுக்க அந்தப் பலகைக்கு மரியாதை இருந்தது. இன்னொரு நாள், நாயும் பூனையுமாக மழை கொட்டுகிறது என்பதை எழுதினேன். எப்படி வந்தது என்று கேட்டார். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், சரியாகத் தெரியவில்லை என்றேன். "தெரியலைன்னா எதுக்கு எழுதற?" என்று ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். அன்று பலகை காலியாகவே இருந்தது. அதன் பிறகு ராத்திரியெல்லாம் இணையத்தைக் குடைந்து, ஒவ்வொன்றுக்கும் பிறந்த கதையைத் தேடி வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். இங்கிலீஷ் வாத்தியாரான நான் அந்த மொழியைப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அக்காவுக்கு ஒரே மகள். என் முதல் பேட்ச் மாணவி. பெங்களூரில் வேலைக்குப் போய், அங்கே ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு ஆளுங்க. தாலியோடு இரண்டு பேரும் கேட் வரைக்கும் வந்து நின்ற அன்று, அக்கா வாசலில் நின்று சொன்ன வார்த்தை இதுதான்: "இந்த வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது." வேறு அம்மாவாக இருந்தால் ஒரு மாதத்தில் கரைந்துபோகிற வார்த்தை. மகள் மூன்று வருடம் வரவில்லை. அவள் யார் வயிற்றில் பிறந்தவள்?

எனக்கு மட்டும் அவ்வப்போது போன் செய்வாள். அம்மா மாத்திரை போடுகிறாரா, கால் வீக்கம் எப்படி என்று கேட்பாள். நான் ஹாலில் பேசும்போது, பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். ஒரு நாள் அக்காவே அடுக்களைக் கதவோரம் வந்து நின்று, சைகை காட்டி, மெதுவாகச் சொன்னார். "எப்ப வருவான்னு கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத."

கேட்டேன். அவள் சிரித்தாள். சிரிப்பில் சுரத்தில்லை. "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன், சார். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்" என்று வைத்துவிட்டாள்.

என்ன சொன்னாள் என்றார் அக்கா. அத்திபூத்தாற்போல எப்போதாவது, அதாவது இப்போதைக்கு இல்லை, என்று சொல்லியிருக்க வேண்டியது. ஆனால் என் நாக்குக்கு மொழிபெயர்ப்பில் ஒரு சபலம். "நீல நிலா வரும்போது வருவாளாம்க்கா" என்றேன்.

"அது எப்ப வரும்?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். அந்தச் சொல்லின் பிறப்புக் கதையை முந்தின வாரம்தான் படித்து வைத்திருந்தேன். கைவசம் சரக்கு இருக்கும்போது வாய் சும்மா இருக்குமா? பழைய காலத்தில் வெள்ளைக்காரர்கள் நிலா நீலம் என்று சொன்னால், நடக்கவே நடக்காத காரியம் என்று பொருள். அப்புறம் எங்கோ எரிமலை வெடித்து, சாம்பல் ஆகாயமெல்லாம் பரவி, நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்ததாம். அதனால் நடக்காதது என்பது அபூர்வமாக நடப்பது என்று ஆனதாகச் சொல்கிறார்கள். இந்தக் காலத்தில், ஓர் இங்கிலீஷ் மாதத்துக்குள் இரண்டு பௌர்ணமி வந்தால், இரண்டாவதுக்குத்தான் அந்தப் பெயர்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா தினசரி காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். பௌர்ணமி பார்ப்பதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கே ஜுரம் வருகிற நாள் அது. பஸ்கள் ஊருக்கு வெளியே நின்றுவிடும், ரோடு முழுக்கத் தலையாகிவிடும், அறைகள் நிறைந்துவிடும். அக்கா தாள்களைப் புரட்டிக்கொண்டே போனார். ஆகஸ்டில் விரல் நின்றது. மாதம் பிறந்ததும் ஒரு பௌர்ணமி. மாதம் முடிகிற சமயத்தில் இன்னொன்று.

"வந்துடுவா" என்றார்.

அக்கா, அது ஒரு பேச்சு, வரமாட்டேன் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்வது, அதுதான் அதற்கு அர்த்தம் என்று கெஞ்சினேன்.

"அர்த்தம் உன்கிட்டயே இருக்கட்டும். சொன்னது என்ன?"

மறுநாள் புதுச் சட்டம் பேசிப் பார்த்தேன். நம் கணக்கில் முதல் பௌர்ணமி ஆடி, அடுத்தது ஆவணி, இரண்டும் வேறு வேறு மாதம், ஆகவே நீல நிலா செல்லாது என்றேன். "அவ இங்கிலீஷ்லதானே சொன்னா?" என்றார். அதற்கும் அடுத்த நாள் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். மாதத்துக்கு இரண்டு என்கிற கணக்கே பிசகு, பழைய பஞ்சாங்கம் ஒன்றை யாரோ ஒரு பத்திரிகையில் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதி, உலகம் அதையே பிடித்துக்கொண்டது என்றேன்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப சரி" என்று கீரை ஆய ஆரம்பித்தார்.

அதன் பிறகு எனக்கு இருப்பு கொள்ளவில்லை. வகுப்பில் நேற்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து நாளை நடக்கப்போவதில் போய் நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர், "சார், உடம்பு சரியில்லையா?" என்று நல்ல இங்கிலீஷில் கேட்டார். கடைசியில் மகளுக்கு நானே போன் செய்து, அம்மா தேதி பார்த்துவிட்ட கதையைச் சொன்னேன். சும்மா சொன்னதுதானே சார் என்றாள். உங்கம்மாவிடம் சும்மா என்று ஒன்று கிடையாதே என்றேன்.

உடனே பிடித்துக்கொண்டாள். "அப்ப வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னதும் சும்மா இல்லதானே? அதை முதல்ல வாபஸ் வாங்கச் சொல்லுங்க சார். நான் வர்றேன்."

சொன்னேன். அக்காவின் கை கீரைக் கட்டிலேயே நின்றது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தொலைந்துபோன சாவியைத் தேடுகிறவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"சொன்னதை எப்படிப்பா வாபஸ் வாங்கறது?" என்றார். "சொல்லிட்டேனே."

அந்த வாரம் வீட்டில் ஒரு பொருளும் ஓரிடத்தில் இருக்கவில்லை. பாத்திர அலமாரி ஜன்னல் பக்கம் போய், திரும்பி வந்தது. அடுக்களைக்கும் கேட்டுக்குமாக அக்கா நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் வாசப்படியைத் தாண்டும்போது ஒரு நொடி நிற்பார். அதைக் குனிந்து பார்ப்பார். அந்த வாரம் நான் விழுந்தபோது காலைத் தூக்கு என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு காலை நான் வந்தபோது, ஆசாரி ஒருவர் ரம்பத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிமெண்ட் குழைத்தபடி கொத்தனார். ஆசாரி, நிலைக்கட்டையில் கை வைக்கக் கூடாதும்மா, வீட்டுக்கு ஆகாது என்று தயங்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு எது ஆகும்னு எனக்குத் தெரியும். நீ அறு."

அறுத்தார். மத்தியானத்துக்குள் படி இருந்த இடம் வழவழவென்று சிமெண்ட் பூசிய தரையாகிவிட்டது. மாடியில் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருத்தி ஊன்றுகோலோடு வந்து இறங்கியிருந்தாள், அவளுக்காக என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா சொன்னார். அந்த அம்மா மாடிக்குப் போகிற படிக்கட்டு வெளிப்பக்கம் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. அறுத்த கட்டையைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். வெள்ளிக்கிழமை அங்கேயே அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்.

மறுநாள் காலை, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, நான் ஞாபகமாகக் காலைத் தூக்கினேன். அங்கே படி இல்லை. விழுந்தேன்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். உன் போனில் ஒரு போட்டோ எடு, பூச்சு நன்றாக வந்திருக்கிறதா பார்க்க வேண்டும் என்றார். நேரிலேயே பார்க்கலாமே என்றேன். போட்டோவில் பார்த்தால்தான் தெரியும் என்றார். எடுத்தேன். போனை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அடுக்களை வரைக்கும் போய், திரும்பாமலே கேட்டார். "எடுத்ததை வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?"

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். ஆனாலும் புரிந்தது. வாட்ஸாப்பில் பெங்களூருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு டிக்கும் நீலமாகின. பதில் இல்லை. அந்தப் பௌர்ணமி வரைக்கும் எனக்குக் கிடைத்த நீலம் அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. பகலிலேயே கூட்டம் எங்கள் கேட்டை உரசிக்கொண்டு மலையைச் சுற்றி நகர ஆரம்பித்துவிட்டது. வகுப்புக்கு லீவு. அக்கா விடிந்ததிலிருந்து சமைத்தார். கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டார், ஆனால் அதில் உட்காரவில்லை. நாற்காலியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். குழம்பைச் சூடு பண்ணினார், அணைத்தார், மறுபடி சூடு பண்ணினார். அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கும்பல் கும்பலாகப் போகிற முகங்களில் நானும் தேடினேன். ஊரில் உள்ள பெண்களெல்லாம் அவள் சாயலிலேயே வந்தார்கள். அவள் வராவிட்டால் அக்கா யாரிடம் போய் நிற்பார்? தேதி கொடுத்தது நிலா, விளக்கம் கொடுத்தது நான். நான் பேசாமல் இருந்தேன். அது எனக்கே புதிதாக இருந்தது.

மலைமேல் வெயில் மஞ்சளாகும் நேரத்தில், கூட்டத்திலிருந்து ஒருத்தி ஒதுங்கி கேட் பக்கம் வந்தாள். செருப்பு கையில் இருந்தது, பாதமெல்லாம் தூசி. சுற்றை முடிக்காமலே வந்திருந்தாள். பின்னால் ஒரு பையன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டோரமே நின்றுவிட்டான்.

அக்கா நிலைக்கு உள்ளே நின்றார். மகள் வெளியே நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். பிறகு அவள் நடந்தாள். நிலைக்கு நேராக வந்ததும் வலது காலை உயர்த்தி, இல்லாத படியைத் தாண்டி, உள்ளே வைத்தாள். அந்த வீட்டில் நடை பழகிய கால் அது. அவள் விழவில்லை.

"ஆறிடப் போவுது, உக்காரு" என்றார் அக்கா. மகளிடம் அவ்வளவுதான் பேசினார். பிறகு அவள் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "உங்கள நான் ஒண்ணுமே சொல்லலையே. நீங்க ஏன் மூணு வருஷமா வரல?"

அந்தப் பையன் திகைத்து என்னைப் பார்த்தான். எனக்கு நான்கு வருட அனுபவம். உள்ளே போங்க, விளக்கம் கேட்காதீங்க என்று கைகாட்டினேன்.

சாப்பாடு முடிந்து, மகள் பின்கட்டில் அந்தக் கட்டையருகே போய் நின்றிருந்த நேரம், அக்கா எனக்கும் இலை போட்டார். வாய் சும்மா இருக்குமா? வாபஸ் வாங்கிட்டேன்னு ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் போதுமே அக்கா, மாமனார் காலத்துப் படியைப் போய் ஏன் அறுத்தீங்க என்று கேட்டேன்.

அக்கா ரசத்தை ஊற்றினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ தெனமும் வந்து விழறியேன்னுதான்."